ஆக்ஸிஜன் உறிஞ்சிப் பொட்டலம் போட்டால் சாரல் காலத்தில் அரிசி கெடாமல் இருக்குமா?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர். சாரல் தொடங்கும் முன்பே செங்கோட்டைக்கு வந்து 50 கிலோ புழுங்கல் அரிசி, 10 கிலோ சிவப்பு மட்டை அரிசி, துவரம்பருப்பு, அவல், வத்தல் எல்லாம் மொத்தமாக வாங்கிப் போய்விடுகிறார்கள். மழை வலுத்து மலைச்சாலையில் மண் சரிந்தால் நாலு நாள் கீழே இறங்க முடியாது என்ற பயம். ஆனால் ஆடி முடிவதற்குள் அரிசியில் வண்டு, பருப்பில் பூசண வாடை. இப்போது இணையத்தில் விற்கிற 'ஆக்ஸிஜன் உறிஞ்சி' பொட்டலங்களைப் பார்த்திருக்கிறார். அது உண்மையிலேயே வேலை செய்யுமா, எத்தனை போட வேண்டும், விஷமா, சிலிக்கா ஜெல்லோடு சேர்த்துப் போடலாமா, 25 வருஷம் அரிசி கெடாது என்கிறார்களே, நம்பலாமா என்பவை அவர் கேள்விகள்.

வேலை செய்யும். நான் செங்கோட்டையில் பன்னிரண்டு வருஷமாகச் சத்துமாவும் வத்தலும் பருப்புப்பொடியும் பாக்கெட் போட்டு விற்கிறேன். இந்தப் பொட்டலத்தைத் தினமும் கையாளுகிறேன். ஆனால் அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும், ஈரத்தை எடுக்காது. உங்கள் ஊரில் அரிசிக்கு முதல் எதிரி ஈரம். அதனால் எத்தனை பொட்டலம் என்பதைவிட எந்த மாதத்தில் சீல் வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பொடியாக அரைத்த இரும்பு, கொஞ்சம் சாப்பாட்டு உப்பு, கரித்தூள், சிறிது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு மண் வகைப் பொடி. அவ்வளவுதான். காற்று பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிறது, துருப்பிடிக்கும்போது ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கிறது. உப்பு அந்தத் துருவை வேகப்படுத்துகிறது. கொல்லம் கடற்கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி நம் ஊரைவிட ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறதோ, அதே காரணம். ஒரு கிராம் இரும்பு முழுதாகத் துருவானால் ஏறக்குறைய 300 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனை விழுங்கும். ஜப்பானில் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் 1977-இல் 'ஏஜ்லெஸ்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எந்த ஊரில் வாங்கினாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது இதே இரும்புத் தூள்தான்.

விஷமா என்று கேட்டீர்கள். பொட்டலம் கிழியாதவரை சாப்பாட்டில் எதுவும் கலக்காது. தவறிப் பொட்டலத்தோடு அரிசியை உலையில் போட்டுவிட்டால் அந்த உலையைக் கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளை கடித்து உள்ளே இருப்பதை விழுங்கிவிட்டால், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நாய் தின்றாலும் அப்படியே, இரும்பு அதிகமானால் நாய்க்கு ஆகாது. எண்ணி உள்ளே போடுங்கள், எண்ணி வெளியே எடுங்கள். பாக்கெட்டின் மேல் 'உள்ளே 3' என்று எழுதிவிடுவது என் வழக்கம்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் இன்னும் சில வீடுகளில் அரிசி மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துணியில் முடிந்து போடுகிறார்கள். அது பெரிய கிடங்குகளில், பயிற்சி பெற்ற ஆட்கள், தார்ப்பாய் மூடி, ஆள் நடமாட்டத்தைத் தடுத்துவிட்டுப் பயன்படுத்தும் மருந்து. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். சாரல் ஈரத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். கதவு மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொல்லக்கூடிய வாயு அது. உங்கள் வீட்டில் யாராவது இந்த யோசனையைச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சரி, வண்டுக்கு வருவோம். அரிசி வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து விழுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது அரிசிக்குள்ளேயே வந்திருக்கும். தாய் வண்டு மணியில் மூக்கால் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து, மேலே ஒரு பசையால் அடைத்துவிடும். சொளகில் எவ்வளவு புடைத்தாலும் அந்த மணி கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் முட்டை வண்டாகி வெளியே வந்துவிடும். வைகாசியில் வாங்கிய அரிசியில் ஆடியில் கூட்டம் கூட்டமாக வண்டு தெரிவது இதனால்தான். வேப்பிலையும் வசம்பும் காய்ந்த மிளகாயும் வெளி வண்டை ஓரளவு விரட்டும், மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. ஆக்ஸிஜன் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய், அப்படியே சுமார் இரண்டு வாரம் இருந்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பொட்டலத்தால் வீட்டு அரிசிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

நம் பாட்டிகளுக்கு இந்த விஷயம் தெரிந்துதான் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் குலுக்கை என்று மண்ணால் செய்த ஆளுயரத் தானியக் கூடு இருந்தது. நெல்லைக் கொட்டி, வாயை மூடி, இடுக்கெல்லாம் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். உள்ளே இருக்கும் தானியமும் பூச்சியும் சேர்ந்து மூச்சு விட்டே உள்காற்றின் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும். பூச்சி தன் மூச்சாலேயே அடங்கும். அதே வேலையைப் பொட்டலம் இரண்டொரு நாளில் முடிக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் வைத்தது அரிசி இல்லை, நெல். உமி என்ற கவசத்தோடு. உங்களுக்கு இடமும் பக்கத்தில் அரைக்க ஒரு மில்லும் இருந்தால், ஒரு வருஷத் தேவையை நெல்லாக வைத்து அவ்வப்போது அரைத்துக்கொள்வதை மிஞ்சிய வழி இன்றைக்கும் இல்லை என்பது என் எண்ணம்.

இனி ஈரம். அமெரிக்காவில் வீட்டுச் சேமிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆக்ஸிஜன் இல்லாமல் அடைக்கும் பொருளில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் அரிசியில் 12 முதல் 14 சதவீதம் இருக்கும். சாரல் காற்றில் மூட்டை வாயைத் திறந்து வைத்தால் அது இன்னும் ஏறும். அரிசி காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் பொருள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்தக் காற்றுதான் சாரலை எங்களுக்கே கொண்டுவருகிறது. நீங்கள் கணவாயிலேயே இருக்கிறீர்கள். ஆனியில் உங்கள் வீட்டில் வைத்துச் சீல் செய்தால், உங்கள் ஊர் ஈரத்தையும் சேர்த்துத்தான் உள்ளே அடைப்பீர்கள்.

அதனால் நான் சொல்லும் காலம் பங்குனிக் கடைசி முதல் வைகாசி முதல் வாரம் வரை. பிசானம் நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகி அரிசி வந்துவிடும். வெயிலும் நன்றாக இருக்கும். வாங்கியதும் ஒரு வேட்டியை விரித்து அரிசியை மெல்லிய பரப்பாகக் கொட்டி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இளவெயிலில் காய வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் மணி வெடித்து நொய் அதிகமாகும். சாப்பாட்டு அரிசிக்கு அது குறை, இட்லி அரிசிக்குக் கவலையில்லை. இரண்டு நாள் இப்படிக் காய வைத்து, உச்சி வெயிலுக்கு முன் உள்ளே எடுத்து, நிழலில் முழுதாக ஆறவிட்ட பிறகுதான் பையில் கொட்ட வேண்டும். சூட்டோடு அடைத்தால் ராத்திரி குளிரும்போது பையின் உள்சுவரில் வேர்த்துவிடும். மில்லில் அரைத்து வந்த அரிசியும் மாவும் சூடாக இருக்கும், அதற்கும் இதே விதி.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி போட்டு, இரண்டு ஸ்பூன் வறுத்து ஆறிய தூள் உப்பைச் சேர்த்து மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்குங்கள். பதினைந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல், அதை அடைக்கவே கூடாது. ஒட்டவில்லை என்றால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் அர்த்தம், 10 என்று அர்த்தமில்லை. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், தீப்பெட்டி அளவில் காற்றின் ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. அதை அரிசியோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடி ஒரு நாள் வைத்தால், உள்காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்று காட்டும். 65-க்கு மேல் காட்டினால் பூசணத்துக்கு வழி திறந்திருக்கிறது. நான் 55-க்குக் கீழே வந்தால்தான் பை வாயைச் சூட்டால் ஒட்டும் சீலரைக் கையில் எடுப்பேன்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமி இருக்கிறது. பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி. அதற்குக் காற்று வேண்டாம், ஆனால் ஈரம் நிறைய வேண்டும். நன்கு காய்ந்த அரிசியிலும் பருப்பிலும் அதற்குப் போதுமான ஈரம் கிடையவே கிடையாது, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆபத்து அரைக் காய்ச்சலில் இருக்கும் பொருள்களில்தான் இருக்கிறது: உள்ளே மெத்தென்று இருக்கும் வடகம், சரியாகக் காயாத கருவாடு, ஈரப்பசையான பேரீச்சை கலந்த உருண்டை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு சாரலில், ஆர்டர் அவசரம் என்று மோர் மிளகாயை விறகடுப்பு மேலே பரணில் உலர்த்தி அடைத்தேன். தோல் மொறுமொறுவென்று இருந்தது, காம்பை ஒட்டிய சதை காயவில்லை. ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் பூசணம் எதுவும் தெரியவில்லை, நிறம்கூட அப்படியே இருந்தது. ஆனால் மூக்கில் ஒரு புளித்த, அழுகின வாடை. ஆறு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன். பொட்டலம் பூசணத்தைத் தடுத்துவிடும், அதனால் கெட்டது கெட்ட மாதிரியே தெரியாது. வத்தலை ஒடித்தால் காம்படியிலும் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் அதற்கு இந்தப் பொட்டலம் கிடையாது.

பையைப் பற்றி. சாதாரணப் பாலிதீன் கவரில் ஆக்ஸிஜன் உறிஞ்சியைப் போடுவது காசை ஆற்றில் போடுவது மாதிரி. பாலிதீன் நம் கண்ணுக்குத்தான் அடைப்பு, ஆக்ஸிஜன் அதன் வழியே மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும், பொட்டலமும் தன் சக்தி தீரும்வரை அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் வாளியும் அப்படித்தான். எவர்சில்வர் டிரம்மின் மூடி காற்றைத் தடுக்காது. வேண்டியது அலுமினியத் தகடு நடுவில் உள்ள ஃபாயில் பை, மைலார் பை என்றும் விற்கிறார்கள். 120 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்குங்கள். துவரை, கடலை மாதிரி முனை கூரான பருப்புக்கு 170 மைக்ரான் இருந்தால் நல்லது, மெல்லிய பையில் பருப்பின் முனை குத்தி ஊசித்துளை விழும். ரப்பர் வளையம் உள்ள இரும்பு மூடிக் கண்ணாடி பாட்டிலும் நன்றாக உழைக்கும், சின்ன அளவுக்கு. குளிர்பானம் வரும் கெட்டிப் பெட் பாட்டில், நன்றாகக் கழுவி துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தால், ஒன்றிரண்டு வருஷத்துக்குப் போதும்.

ஃபாயில் பை எலிக்கு அடைப்பே இல்லை, ஒரே ராத்திரியில் கடித்துவிடும். அதனால் சீல் வைத்த பைகளை மூடியுள்ள தகர டிரம்மிலோ கெட்டியான வாளியிலோ அடுக்கி, தரையில் படாமல் ஒரு பலகை மேல் வையுங்கள்.

எத்தனை பொட்டலம்? பைக்குள் இருக்கும் மொத்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 21 சதவீதம், ஆக்ஸிஜன். அரிசி மணிகள் அடைத்த இடம் போக மீதி இடத்தில்தான் காற்று இருக்கிறது. ஒரு கிலோ அரிசி சுமார் 1.2 லிட்டர் இடம் பிடிக்கும், அதில் மணி மட்டும் 0.7 லிட்டர், இடைவெளிக் காற்று அரை லிட்டர். அந்த அரை லிட்டரில் சுமார் 100 சிசி, அதாவது 100 மில்லி லிட்டர், ஆக்ஸிஜன். மேலே மிச்சமிருக்கும் காற்றுக்கும் கை நிதானத்துக்கும் சேர்த்து, கிலோவுக்கு 150 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ பைக்கு 750 சிசி, அதாவது 300 சிசி ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொட்டலம் மூன்று. 10 கிலோவுக்கு ஐந்து. பருப்புக்கும் கோதுமைக்கும் இதே கணக்கு பொருந்தும். அவலுக்குப் பொருந்தாது, அவலில் காற்றுதான் அதிகம். அதற்கு ஒரு சூத்திரம்: டப்பா எத்தனை லிட்டர் என்று பாருங்கள், அதிலிருந்து உள்ளே போட்ட கிலோவை 0.7-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 5 லிட்டர் டப்பாவில் 2 கிலோ அவல் என்றால் 5-இல் 1.4 போக 3.6 லிட்டர் காற்று, அதில் ஏறக்குறைய 760 சிசி ஆக்ஸிஜன். மூன்று பொட்டலம் போடலாம். கூடப் போட்டால் பொருளுக்குக் கெடுதல் இல்லை, செலவுதான். குறையப் போட்டால் மொத்த வேலையும் வீண்.

50 கிலோவையும் ஒரே பையில் அடைக்காதீர்கள். ஒருமுறை பையைத் திறந்தால் அந்தப் பொட்டலத்தின் வேலை முடிந்தது. உங்கள் ஐந்து பேருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தீர்கிற அளவாக, ஐந்து ஐந்து கிலோவாக அடையுங்கள்.

அடைக்கிற நாளில் வேகம் முக்கியம். பொட்டலக் கட்டைப் பிரித்த நிமிஷமே துருப்பிடித்தல் தொடங்கிவிடும். ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் இளஞ்சூடு தெரியும், பிறந்த குஞ்சைப் பிடித்த மாதிரி. எங்கள் வீட்டில் முதலில் எல்லாப் பைகளிலும் அரிசியைக் கொட்டி, வாயில் மூன்று விரல் அகலம் மட்டும் விட்டு மீதியைச் சீல் செய்து, வரிசையாகச் சுவரில் சாய்த்துவிடுவோம். அத்தை பைகளை நீவிக் காற்றை வெளியேற்றுவார், நான் பொட்டலங்களைப் போட்டுக்கொண்டே போவேன், என் மகள் பின்னாலேயே சீலரோடு வருவாள். பிரித்ததிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுவோம். சீலர் இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டி போதும்: பையின் வாயை ஒரு மரப்பலகை மேல் வைத்து, ஆவி இல்லாமல் சூடாக்கிய பெட்டியை இரண்டு மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வாயில் மாவோ தவிடோ ஒட்டியிருந்தால் அங்கே சீல் பிடிக்காது, முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மீந்த பொட்டலங்களை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில், காலி இடமே இல்லாமல் நெருக்கி அடைத்து மூடுங்கள். பெரிய பாட்டிலில் இரண்டைப் போட்டு வைத்தால் அந்தப் பாட்டில் காற்றையே தின்று தீர்ந்துபோகும்.

மூன்று நாள் கழித்துப் பாருங்கள். பை அரிசியோடு ஒட்டி லேசாக உள்வாங்கியிருக்கும். வாக்குவம் பாக்கெட் போலக் கல்லாக இறுகவில்லையே என்று பலர் கலங்குகிறார்கள். போவது ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன்தான், மீதி நைட்ரஜன் உள்ளேயேதான் இருக்கும். அதனால் பை கொஞ்சம் தளர்வாக இருப்பது இயல்பு. ஒரு வாரம் கழித்தும் பை அடைத்த நாள் போலவே உப்பலாக இருந்தால் மட்டும் சீலில் ஓட்டை என்று பொருள். வேறொரு பையில், புதுப் பொட்டலங்களோடு மறுபடி அடையுங்கள்.

வாங்கும்போதே செத்த பொட்டலம் வருவதும் உண்டு. ஒருமுறை கூரியரில் வந்த நூறு பொட்டலக் கட்டில், அடையாளத்துக்கு வைத்திருக்கும் சின்ன மாத்திரை இளஞ்சிவப்பாக இருப்பதற்குப் பதில் நீலமாக இருந்தது. வழியில் எங்கோ உறை ஓட்டையாகி உள்ளே காற்று புகுந்துவிட்டது. அழுத்திப் பார்த்தேன், உள்ளே பொடி நெகிழ்வதற்குப் பதில் வில்லையாகக் கட்டிப்போயிருந்தது. விற்றவர் மாற்றித் தரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்துச் சோதித்துவிடுகிறேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலின் உள் அடியில் பொட்டலத்தை டேப்பால் ஒட்டி, பாட்டிலைத் தலைகீழாக ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைப்பேன். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறியிருக்கும். 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், சரியாக ஐந்தில் ஒன்று. அந்த இடத்தை முன்பு ஆக்ஸிஜன் பிடித்திருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், நன்றாகப் பார்ப்பார்கள்.

டப்பாவுக்குள் சூடம் கொளுத்தி மூடினால் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள். சுடர் 16 சதவீத வாக்கிலேயே அணைந்துவிடும். அந்தக் காற்றில் வண்டு சுகமாக இருக்கும், அரிசிக்குச் சூட வாடைதான் மிச்சம்.

சிலிக்கா ஜெல்லோடு சேர்த்துப் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கத் துளி ஈரம் வேண்டும், சிலிக்கா ஜெல் அந்த ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கும். அரிசியை முதலிலேயே வெயிலில் காய வைத்துவிட்டால் ஜெல்லுக்கு அங்கே வேலை இல்லை.

எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது என்பதில் நான் அதிகம் யோசிப்பது எண்ணெய்ச் சத்தைத்தான். தீட்டிய புழுங்கல் அரிசி, பச்சரிசி, ரவை, சேமியா, முழுக் கோதுமை, துவரை, உளுந்து எல்லாம் நன்றாக நிற்கும். நீங்கள் வாங்கும் மட்டை அரிசி நிற்காது. அதன் சிவப்பே தவிட்டுத் தோல்தான், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆக்ஸிஜனை எடுத்துவிட்டால் எண்ணெய் கெடும் வேகம் குறையும், நிற்காது. எங்கள் பக்கமும் மலைக்கு அந்தப் பக்கமும் ஒரே சொல்லால் சொல்கிற அந்தக் கனச்ச வாடை, ஆறு மாதம் ஒரு வருஷத்தில் வந்துவிடும். மட்டை அரிசியை அடைக்கலாம், ஆனால் அந்த வருஷச் சாரலுக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். கம்பு மாவு, உமி நீக்கிய சாமை, தினை, வேர்க்கடலை, முந்திரி கலந்த சத்துமாவு எல்லாம் இதே கணக்கு. கேழ்வரகு மட்டும் தனி ஜாதி: முழுத் தானியமாக, காய்ந்ததாக இருந்தால் பொட்டலமே இல்லாமலும் வருஷக்கணக்கில் கெடாது. முந்திரிப் பருப்பை மொத்தமாக வைக்க வேண்டியவர்கள் கொல்லத்துக்காரர்கள் செய்வதைப் பாருங்கள். அங்கே ஏற்றுமதிப் பருப்பை 11.34 கிலோ தகர டின்னில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கரியமில வாயு நிரப்பித்தான் அடைத்து வந்தார்கள். நேந்திரங்காய் உப்பேரிக்கு நைட்ரஜன் அடைப்பதுதான் சரி. உறிஞ்சி போட்டால் பை ஒட்டிச் சிப்ஸ் நொறுங்கும்.

சர்க்கரைக்கும் உப்புக்கும் போடாதீர்கள். அவற்றில் பூச்சியும் பிடிக்காது, பூசணமும் பிடிக்காது. பொட்டலம் போட்டால் சர்க்கரை பாறையாக இறுகும், அவ்வளவுதான். வெல்லம், கருப்பட்டி ஈரம் இழுப்பவை, அவற்றுக்கும் வேண்டாம். ஆமணக்கெண்ணெய் தடவிய பருப்பு உங்களிடம் இருந்தால் அதை முன்னால் வைத்துச் செலவழியுங்கள். அடைப்பதற்கு எண்ணெய் தடவாத பருப்பை எடுங்கள். விதை நெல்லையும் விதைக் கடலையையும் இந்தப் பைக்குள் போட வேண்டாம், அதற்குப் பழைய முறையே போதும். முழுக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எத்தனை நன்றாக அடைத்தாலும் நாளாக ஆக வேகாமல் கல்லாகும். அது காற்றால் வருவதில்லை, அதனால் இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

25 வருஷம் என்ற பேச்சு, நன்கு காய்ந்த வெள்ளை அரிசியை, தகர டின்னில் காற்றில்லாமல் அடைத்து, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக வைத்திருக்கும் வீடுகளைப் பற்றியது. நம் வீட்டு ஓட்டுக்கூரையின் கீழ் சித்திரையில் 35 டிகிரி தாண்டும். பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பார்கள். அதனால் நான் அரிசிக்கும் பருப்புக்கும் இரண்டு வருஷம் என்று எழுதி ஒட்டுகிறேன், மூன்றாம் வருஷம் தொடுவதில்லை. உங்கள் தேவை ஆனியிலிருந்து ஐப்பசி வரை ஐந்து மாதம். அதற்கு இது தாராளமாகப் போதும். 2018 ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் கிடந்தபோது, புனலூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் சித்திரையில் அடைத்த நாலு பை அரிசி இருந்தது. கடைகள் திறக்காத அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்கும் அதில்தான் கஞ்சி வைத்தார். பிரித்தபோது ஒரு வண்டுகூட உயிரோடு இல்லை, செத்த வண்டு ஏழெட்டு சொளகில் விழுந்தது என்றார்.

இந்த வருஷம் சாரல் தொடங்கிவிட்டது, அதனால் வீட்டில் இருக்கும் அரிசியை இப்போது அடைக்காதீர்கள். பத்து கிலோ பத்து கிலோவாக வாங்கிச் செலவழியுங்கள். வாங்கியதைச் சின்ன பாக்கெட்டுகளாக நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பாக்கெட்டைப் பிரிக்காமலே வெளியே முழுதாக ஆறவைத்து, பிறகு டப்பாவில் கொட்டினால் முட்டை செத்துவிடும். பங்குனியில் செங்கோட்டைக்கு வரும்போது எங்கள் வீட்டு மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கும், அரிசியை இங்கேயே காய வைத்து, இங்கேயே அடைத்து, பைகளாகவே மலையேற்றிக் கொண்டுபோகலாம். சீலரும் இருக்கிறது. பைகளை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 5 கிலோ அளவு, பத்து அரிசிக்கு, நாலு பருப்புக்கு.